டீக்கடை ஃபார்ம்

கருத்துக்கணிப்பு என்றாலே இப்போது எல்லாருக்கும் சிரிப்பு. டிவியில் நாலு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு இவருக்கு இத்தனை இடம், அவருக்கு அத்தனை இடம் என்று அடித்துவிடுவார்கள். ஓட்டு எண்ணுகிற அன்று அத்தனையும் தலைகீழாகும். மறுநாள் அதே நாலு பேர் அதே கோட்டோடு வந்து ஏன் தலைகீழானது என்று விளக்குவார்கள். அந்த எண்களுக்கு அடியில் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற ஆட்கள் இருக்கிறோம் என்பது யாருக்கும் தெரியாது. நான் ஜோதிலட்சுமி. மயிலாப்பூர், முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் வீடு. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் தொழில்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு, டீக்கடை ஃபார்ம். இருபது வீட்டுக்குப் போகச் சொன்னால் நாலு வீட்டுக்குப் போய்விட்டு, மீதியை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தானே நிரப்பிக்கொண்டு வருவது. பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள். பேனாவை மாற்றி மாற்றி எழுதுவார்கள், கையெழுத்தை வலமும் இடமுமாகச் சாய்ப்பார்கள், ஃபார்மில் நாலு சொட்டு டீயையும் தெளித்து வெயிலில் அலைந்த மாதிரி காட்டுவார்கள். நான் ஒன்றுகூடச் செய்ததில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷமும் சரி, வெள்ளம் வடிந்த மாதமும் சரி, பட்டியலில் இருந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டுத்தான் எழுதினேன். தி.நகரில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். அங்கே புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலாளி ராஜரத்தினம் என்னைக் கைகாட்டி, “இவங்க ஃபார்மை நான் செக் பண்றதே இல்ல” என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் செருப்பு தேய நடந்திருக்கிறேன். திமிர்தான். இல்லையென்று சொல்லவில்லை.

இந்தத் தேர்தலுக்கு ஒரு டிவிக்காகக் கணிப்பு. எனக்கு வந்தது ஒரே ஒரு பூத், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு நாற்பதாவது பேராக எண்ணி எடுத்த இருபது பெயர்கள். அந்த ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கக் கூடாது.

வேலை இப்படி. யாருக்கு ஓட்டு என்று நாங்கள் வாயால் கேட்பதில்லை. எல்லாச் சின்னமும் அச்சடித்த மாதிரிச் சீட்டு ஒன்றைக் கொடுப்போம். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் குறி போட்டு, மடித்து, பூட்டுப் போட்ட துணிப்பையில் போடுவார். சீட்டிலும் ஃபார்மின் உள்தாள்களிலும் ஓர் எண் இருக்கும். பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் முன்தாளில் மட்டும். பூத் முழுதும் முடிந்த அன்று சாயங்காலம் அந்த முன்தாளைக் கிழித்துத் தனி உறையில் போட்டுவிட வேண்டும். ஆபீசில் அதிலிருந்து நாலைந்து பேருக்குப் போன் செய்து, “எங்க ஆள் வந்தாங்களா?” என்று மட்டும் கேட்பார்கள். அதற்குப் பெயர் செக் கால். பிறகு அதையும் எரித்துவிடுவார்கள். முன்தாளைக் கிழித்துவிட்டால் எந்தச் சீட்டு யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பத்தொன்பது பேர் மூன்றே நாளில் முடிந்துவிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், முனகாமல் சீட்டு போட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் முகராசி என்று நினைத்துக்கொண்டேன்.

இருபதாவது பெயர் தேவானை. வயது ஐம்பத்து நாலு, மீன் வியாபாரம்.

முதல் நாள் போனேன். வாசலில் நின்றபடி, “தேவானை ஊட்ல இல்ல” என்று தேவானையே சொன்னாள். இரண்டாவது நாள் தெருமுனையில் குடைக்கு அடியில் அவள் மீன் விற்கிற இடத்துக்குப் போனேன். சங்கரா மீன் கழுவிய தண்ணீரை என் கால் பக்கமாகப் பார்த்து ஊற்றினாள். மூன்றாவது நாள் காலையில் மணலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தவளுக்கு எதிரே நானும் போய் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னாமே நீ, அட்டையாட்டம் ஒட்டிக்கினே. எனுக்கு வோணான்னு சொன்னா வுடமாட்டியா?”

“காரணம் சொல்லுங்கக்கா, போயிடறேன்.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“பாண்டுரங்கனத் தெரியுமா உனுக்கு? கட்சிக்காரன். மீன் யாவாரிங்க சங்கத்துக்கும் அவன்தான் தலைவரு. புதுசா மார்க்கெட்டு கட்டி வெச்சிக்கிறாங்க பாரு, நாப்பது கடை. யாரு யாருக்குன்னு லிஸ்ட்டு அவன்தான் எழுதறான். வர்ற திங்கக்கெழம ஒட்டப் போறான். முப்பது வருசமா நான் வெயில்ல குந்திக்கினு கீறேன். எனுக்கு அந்தக் கடை வோணும். நான் அவன் கட்சிக்குப் போடமாட்டேன்னு தெரிஞ்சா என் பேரு அதுல இருக்குமா? நீ யாரு அனுப்பி வந்துக்கிறியோ, எனுக்கு இன்னா தெரியும்?”

நியாயமான பேச்சு. ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதிக்கொண்டு நான் எழுந்து வந்திருக்கலாம். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் எனக்கு இருபதுக்கு இருபது வேண்டியிருந்தது.

முன்தாளை எடுத்துக் காட்டினேன். “பாருங்க, உங்க பேரு இதுல மட்டும்தான். இன்னிக்குச் சாயங்காலம் இதைக் கிழிச்சிடுவேன். கிழிக்கிறது என் கை. இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர் பேரு வெளியில போனதில்ல.”

“கடலப் பாத்து சொல்லு.”

கடலைப் பார்த்துச் சொன்னேன். தேவானை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு குறி போட்டாள். எட்டாக மடித்துப் பையில் திணித்தாள்.

“நெசமாத்தான் போட்டுக்கீறேன். மோசம் பண்ணாத” என்றாள்.

அன்று சாயங்காலம் ஆபீசில் சூப்பர்வைசர் நந்தகுமார் என் கட்டைப் பார்த்துவிட்டு, “இருபதுக்கு இருபதா! எல்லாரும் ஒரு கை தட்டுங்கப்பா” என்று சத்தம் போட்டான். புதிதாகச் சேர்ந்த ஷண்முகப்ரியா முதல் எல்லாரும் கை தட்டினார்கள். நான் முன்தாளைக் கிழிக்கக் கை வைத்தேன். “விடுங்கக்கா. இந்த பூத்துக்குச் செக் கால் முடிச்சிட்டு நானே கிழிச்சிடறேன். நடந்து வந்திருக்கீங்க, வீட்டுக்குப் போங்க” என்றான்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் கிழிக்காமல் கொடுத்தேன். கால்வலி என்று ஒரு சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் கைதட்டல் காதில் இருந்தது. புகழ்ச்சி கண்ணை மறைத்த முட்டாள்களின் வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு, அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மதியம், அடுத்த வேலைக்கு ஃபார்ம் வாங்கப் போனேன். நந்தகுமார் தன் நாற்காலியில் இல்லை. கம்ப்யூட்டர் திறந்திருந்தது. திரையில் என் சீனிவாசபுரம். இருபது பெயர், கதவு எண், போன் நம்பர், கடைசிக் கட்டத்தில் நிறம். பாண்டுரங்கன் கட்சிக்குப் போட்டவர்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்குச் சிவப்பு. பத்தொன்பது பச்சை. ஒரே ஒரு சிவப்பு, தேவானை. மேலே தலைப்பில், ‘பாண்டுரங்கன் அவர்களுக்கு, சனி காலை பத்து மணி’.

தலைப்பை இன்னொரு தரம் படித்தேன்.

கையைத் துடைத்தபடி வந்த நந்தகுமார் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். “சார்தான்க்கா போடச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றான். முகம் செத்துப்போயிருந்தது.

நேராக ராஜரத்தினம் அறைக்குள் போனேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

“உட்காரு ஜோதி. டிவிக்குப் போற ரிப்போர்ட்ல ஒரு எழுத்து மாறல. மத்த பூத் எல்லாத்துக்கும் முன்தாளைக் கிழிச்சு எரிச்சாச்சு. இது ஒண்ணுதான். பாண்டுரங்கன் எனக்கு வேண்டியவர். அவர் ஏரியா எப்படி இருக்குன்னு கேட்டார். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“அந்தம்மாவுக்குக் கடை கிடைக்காது சார்.”

“அது அவங்க சங்கத்துப் பிரச்சனை.”

“பேரு வெளியில வராதுன்னு நான் சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“யாரைக் கேட்டுப் பண்ணினே?” என்றார், சிரித்துக்கொண்டே.

கோர்ட், போலீஸ் என்று இரண்டு வார்த்தை கத்தினேன். “தாராளமா போ. போய்ட்டு வர்றதுக்குள்ள நாளைக்குப் பத்து மணி ஆயிடும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒரு முறை அந்தப் பட்டியல் கை மாறிவிட்டால் பிறகு நான் யாரிடம் போய் என்ன முறையிட்டாலும் திங்கட்கிழமை ஒட்டுகிற காகிதத்தில் தேவானை பெயர் இருக்காது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அதற்கப்புறம் அந்தக் கடைப் பட்டியலை மாற்றவும் மாட்டார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்துப் பட்டினப்பாக்கத்தில் இறங்கினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து, ஒன்றும் தோன்றாமல், நடந்ததை நடந்தபடியே சொல்வது என்று முடிவு செய்தேன். தப்பு செய்தவள் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். என் பட்டியல்காரர்கள்தான் முக்கால்வாசி. குடத்தோடு தேவானையும் நின்றாள். எல்லார் முன்னாலும் சொன்னேன். நான் முன்தாளைக் கிழிக்காமல் கொடுத்துவிட்டேன், உங்கள் சீட்டு எல்லாம் பெயரோடு நாளைக் காலை பாண்டுரங்கன் கைக்குப் போகிறது, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள்.

கங்கம்மா என்கிற பெண்ணுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. “போவட்டுமே! அல்லாரும் அவன் சின்னத்துக்குத்தான குத்திக்கிறோம். பை தூக்கிக்கினு எவ வந்தாலும் அவன் சின்னம்தான். நீ மொத நாளு தெருவுல காலெடுத்து வெச்சதுமே பேசி வெச்சுட்டம்மே. ஓட்டுப் பொட்டியாண்ட போனாத்தான் எங்க நெனப்பு.”

பத்தொன்பது மோர், பத்தொன்பது பொய். என் முகராசி லட்சணம் இதுதான். அவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தேவானை மட்டும் சிரிக்கவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் ஒருத்திதான் நெசத்தப் போட்டவளா?” என்றாள்.

கங்கம்மாவின் சிரிப்பு நின்றுபோனது.

“இவளுங்க அல்லாம் எங்கிட்டயும் சொன்னாளுங்க. சும்மா அவன் சின்னத்துல குத்தி அனுப்புடின்னு. நான்தான், பாவம், மூணு நாளா வெயில்ல வந்துக்கினு கீறா, இவகிட்ட இன்னாத்துக்குப் பொய்யின்னு…” என் பக்கம் விரலை நீட்டினாள். “உன்ன நம்புனவ நான் ஒருத்திதான். என் தலையிலதான் கல்லப் போட்டுக்கிற.”

அந்த இடத்திலேயே நான் அழுதேன். வெட்கப்பட நேரமில்லை. அழுதுகொண்டே யோசித்தேன். அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. தாளைத் திருடிக் கிழித்தாலும் பயனில்லை. ராஜரத்தினமே தன் கையால் அதை அழிக்க வேண்டும். அவர் எப்போது அழிப்பார்? பட்டியல் பொய் என்று நம்பினால் அழிப்பார். பொய்ப் பட்டியலைக் கட்சிக்காரன் கையில் கொடுத்துவிட்டு, அவன் அதை நம்பி இருந்து கட்சி அங்கே தோற்றுப்போனால், பாத்திரக் கடை மாடியில் ஒரு நாற்காலி மிஞ்சாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“நாளைக்குக் காலையில ஆபீஸ்லேர்ந்து போன் வரும். சர்வேக்கு யாராவது வந்தாங்களான்னு கேப்பாங்க. யாருமே வரலைன்னு சொல்லிடுங்க. நீங்க யாரும் என்னைப் பார்த்ததே இல்ல. ஃபார்ம் எல்லாம் நானே எழுதினதுன்னு நான் சொல்லிடறேன்.”

“அத்த சொல்றதுக்கு இன்னா, சொல்லிட்டா போச்சு” என்றாள் கங்கம்மா. “ஆனா உன் வேல போய்டுமேம்மா?”

“போகட்டும்.”

தேவானை குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ஒருவாட்டி உன் பேச்சக் கேட்டு நான் பட்டது போதும்” என்றாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. சாத்திய கதவைப் பார்த்து, “அக்கா, யாரும் வரலைன்னு மட்டும் சொல்லுங்க” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டாளா இல்லையா தெரியாது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராஜரத்தினம் எதிரே நின்றேன். பக்கத்தில் நந்தகுமார். மேஜைமேல் அந்தப் பட்டியல், அச்சடித்து உறையில் போட்டுத் தயாராக இருந்தது.

“சார், அந்த பூத் ஃபார்ம் எல்லாம் டீக்கடை ஃபார்ம்” என்றேன்.

ராஜரத்தினம் காபியைக் கீழே வைத்தார்.

“யார் போட்டது?”

“நான்தான் சார். தெருவுக்குப் போனேன். ஒருத்தரும் கதவு திறக்கல. மூணு நாளும் டீக்கடையில உட்கார்ந்து நானே சீட்டு குத்திப் பையில போட்டேன். அந்த ஏரியா பாண்டுரங்கன் ஏரியான்னு தெரியும். அதனால எல்லாம் அவர் பக்கமே போட்டேன். நம்பற மாதிரி இருக்கட்டும்னு ஒண்ணை மட்டும் மாத்திப் போட்டேன்.”

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. பொய்க்காக நடுங்கவில்லை. அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வருவதைக் கேட்டு நடுங்கியது.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “நேத்து சத்தியம் அது இதுன்னு குதிச்சே. இன்னிக்கு டீக்கடைங்கறே. அந்தப் பொம்பளையைக் காப்பாத்த நாடகமா? ஊர் பூரா டீக்கடையில எழுதினாலும் நீ எழுத மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?”

வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு நான் காலில் விழுந்திருப்பேன்.

“நேத்து பயத்துல உளறினேன் சார். என் ஃபார்ம்னு இந்த பூத்துக்கும் யாரும் செக் கால் பண்ணல. இப்பப் பண்ணிப் பாருங்க.”

நந்தகுமார் குனிந்த தலையோடு போனை எடுத்தான், ஸ்பீக்கரில் போட்டான். முதலில் கங்கம்மா. “சர்வேயா? அப்டின்னா இன்னா? யாரும் வர்லியே.” அடுத்தவர், “எந்த ஜோதிலட்சுமி? கோயிலாண்ட பூ விக்கிறாளே அவளா?” மூன்றாவது, நாலாவது. அந்தத் தெருவே என்னைப் பார்த்ததில்லை. மோர் கொடுத்த கைகள் அத்தனையும் என்னைக் கழுவித் துடைத்து அனுப்பின.

ராஜரத்தினம் பட்டியலை உறையிலிருந்து உருவினார். “பத்தொன்பது ஒரே பக்கம்னு பார்த்தப்பவே எனக்கு இடிச்சுது” என்று முணுமுணுத்தார். பிறகு அந்தச் சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். “இந்த நம்பரைப் போடு.”

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லையென்றால் என்ன அர்த்தம் செய்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்து, வந்தாள் ஒரு பாவி, சத்தியம் பண்ணி மோசம் பண்ணினாள் என்று கொட்டித் தீர்த்தால் அவளையும் குறை சொல்ல முடியாது. நான் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னா?” என்றது தேவானை குரல். பின்னால் மீன் விலை பேசுகிற சத்தம்.

“அம்மா, தேர்தல் சர்வேக்கு உங்க வீட்டுக்கு ஒரு லேடி வந்தாங்களா? ஜோதிலட்சுமின்னு.”

“எரநூறுக்குக் கொறையாது, போ” என்று அந்தப் பக்கம் யாரையோ விரட்டினாள்.

“வர்ல நைனா. அப்டி ஒருத்தி இங்க வந்திருந்தா வெளக்குமாத்தாலயே நாலு போட்டிருப்பேன். ஆளு கைல மாட்னா சொல்லு” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நந்தகுமார் என்னைப் பார்க்கவில்லை. ராஜரத்தினம் பட்டியலை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். “அதை அழி. அவருக்குப் போன் பண்ணி ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லு” என்று நந்தகுமாரிடம் சொன்னார். அவன் வெளியே போய் ஃபைலை அழிக்கிற வரை நான் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரையில் அந்த இருபது பெயரும் போனது. தேவானை பெயரும் போனது. அப்பாடா என்று இருந்தது.

நான் பையை எடுத்தேன்.

“நில்லு” என்றார் ராஜரத்தினம். அவர் முகத்தில் இப்போதுதான் கோபம் வந்திருந்தது. அது கோபம்கூட இல்லை, அருவருப்பு. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இந்த ஒரு தடவைதானா? இல்ல, இருபத்திரண்டு வருஷமும் இப்படித்தானா?”

வெளியே ஷண்முகப்ரியாவும் மற்றவர்களும் கையில் ஃபார்மோடு கேட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த ஒரு தடவைதான் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அவர் யோசிப்பார். இத்தனை வருஷம் செய்யாதவள் இப்போது ஏன் செய்தாள் என்று யோசிப்பார். யோசித்தால் மறுபடியும் தேவானை நம்பருக்கே வருவார்.

“ஆமாம் சார்” என்றேன். “இருபத்திரண்டு வருஷமும்.”